கம்பியை விடாத கை

தனபாக்கியம் அக்கா போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் தியாகதுருகம் வண்டிக்காக நின்றுகொண்டிருந்தேன். அவருடைய மகள் தேன்மொழி போனில் கூப்பிட்டாள். "மாமா, அம்மா வெடியகாலம்..." என்றாள். இரண்டு பேருமே போனை வைக்கவில்லை. பஸ் வந்தது, நிரம்பியது, போயும் விட்டது. காதில் அவள் மூச்சு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அக்கா பெற்ற பெண் அப்படித்தான் இருப்பாள்.

எங்கள் பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்த உங்களுக்கு அக்காவை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. டெஸ்ட் ரூமில் உட்கார்ந்து, எந்த லைன் எங்கே பழுது என்று கண்டுபிடித்துச் சொல்வது அவர் வேலை. அவர் சொல்லும் கம்பத்தில் ஏறிச் சரிசெய்வது லைன்மேன் ஏழுமலையாகிய என் வேலை. போராட்ட வருஷத்தில் நடந்ததை ஆளுக்கொரு விதமாகச் சொல்லி, காலப்போக்கில் என்னைப் பேய் பிடித்தது என்பது வரைக்கும் கொண்டுபோய்விட்டீர்கள். அன்று மலையில் இருந்தவன் நான் ஒருவன்தான். ஆகவே நானே எழுதிவிடுகிறேன்.

முதலில் அந்த மீட்டர். கையில் தூக்கிக்கொண்டு திரிகிற மீட்டர் அல்ல, மேசையிலேயே உட்கார்ந்திருக்கும் பெஞ்ச் மல்டிமீட்டர். டேப் ரெக்கார்டர் அளவு இருக்கும். சிவப்பு எண்கள் எரியும், புள்ளிக்குப் பிறகு யாருக்கும் தேவைப்படாத நீளத்துக்கு. வேறு ஊருக்குப் போக வேண்டியது வழிதவறி எங்களிடம் வந்து சேர்ந்தது என்று பேச்சு. அதன் பக்கத்தில் டீ கிளாஸை வைத்தவனை அக்கா பார்க்கும் பார்வையில் டீ ஆறிவிடும். காலையில் வந்ததும் அதைப் போட்டுவிட்டு, அது நன்றாகச் சூடேறும்வரை ஒரு லைனையும் தொட மாட்டார். "சூடேறாத மீட்டரு பொய் சொல்லும், ஏமல. நாமளும் அப்பிடித்தான், தூங்கி எழுந்த வாயில இன்னா உண்மை வரும்?" என்பார். ஏழுமலை அவர் வாயில் ஏமலதான்.

லைனின் தடையை, அதாவது மின்சாரம் போக அது காட்டும் எதிர்ப்பை, அளக்கும்போது இரண்டு கம்பி போதும் என்று நாங்கள் சொல்வோம். அக்கா நான்கு கம்பி மாட்டுவார். இரண்டு கம்பி மின்சாரத்தைக் கொண்டுபோகும், மற்ற இரண்டு அளந்து வரும். அப்போதுதான் நம் பக்கத்துக் கம்பியின் தடை கணக்கில் சேராது. "நம்மளுத நாமளே கழிச்சுக்கணும். இல்லன்னா நம்ம குத்தமும் எதிர்ல இருக்கறவன் மேல வுழும்" என்பார். இதை அவர் மீட்டருக்கு மட்டும் சொல்லவில்லை என்று புரிய எனக்குக் கல்யாணமாகிச் சில வருஷம் ஆயிற்று.

சாப்பாட்டு நேரத்தில் ஒரு விளையாட்டு நடக்கும். மீட்டரின் இரண்டு முனைகளையும் ஆளுக்கு ஆள் இரண்டு கையில் பிடிப்போம். உடம்பின் தடை எண்ணாகத் தெரியும். ஈரக் கைக்குக் குறையும், காய்ந்த கைக்கு ஏறும், இறுக்கிப் பிடித்தால் இறங்கும். என் கை கம்பம் ஏறிக் காய்ந்த கை. "ஏமல எண்ணு எப்பவும் ஜாஸ்தி, அவன் கோவம் மாதிரி" என்று சிரிப்பார். ஒருநாள் மட்டும் சிரிக்காமல் சொன்னார்: "பாத்தியா, இது ஒரு எடத்துல நிக்காது. ரெசிஸ்டர வச்சா உக்காந்துக்கும். மனுசன் உக்கார மாட்டான். ஆடிக்கினே இருப்பான்." எனக்கு முதுகில் என்னவோ ஊர்ந்தது. உடனே முனைகளைக் கீழே வைத்துவிட்டேன்.

இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்த அந்தப் புரட்டாசியில் சின்னசேலம் சாலை நெடுக மரங்கள் குறுக்கே கிடந்தன. பஸ் இல்லை, கடை இல்லை, கரண்டும் இல்லை. எக்ஸ்சேஞ்சில் டீசல் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து வெள்ளிமலை லைன் செத்தது. மலைக்கு ஜீப்பும் போகாத நாளில் அந்த ஒரு லைனும் இல்லையென்றால், மேலே இருப்பவர்கள் செத்தாலும் பிழைத்தாலும் கீழே தெரியாது. நான் சைக்கிளை எடுத்தேன். மறியலில் இருந்தவர்கள் எங்கள் சனம்தான். அவர்கள் கேட்டது என் வீட்டுப் பிள்ளைக்கும் சேர்த்துத்தான். வழிவிட்டார்கள். அடிவாரத்தில் சைக்கிளைப் போட்டுவிட்டு நடந்தேன்.

அவ்வளவு சத்தமில்லாத மலையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. வண்டி ஓடாத மலைச்சாலையில் காதுக்குப் பிடிப்பே இருக்காது. மதியத்துக்குப் பிறகு பனிமூட்டம் இறங்கியது. மேலே ஒரு வளைவு உண்டு. அங்கே யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால் முதல் தடவை பதில் சொல்லாதே என்பார்கள் மலைக்காரர்கள். மனுசனாக இருந்தால் மறுபடி கூப்பிடுவான், மற்றது ஒரு தடவைதான் கூப்பிடும் என்பது அவர்கள் கணக்கு. அந்த வளைவில்தான் பாதி வெட்டி விட்டுவிட்டுப் போன மரம் ஒன்று, இரண்டு கம்பியையும் அறுத்துக்கொண்டு சாய்ந்து நின்றது. அடியில் நின்று ஒரு கிளையைக் கழித்தேன். மரம் மொத்தமும் முனகிக்கொண்டு இறங்கியது.

கண் திறந்தபோது இடது தொடைமேல் மரம். பேசிச் சோதிக்கும் போன் பள்ளத்தில். கத்தினேன். மூட்டத்தில் என் குரல் என் வாயைத் தாண்டிப் போகவில்லை. கைக்கெட்டும் தூரத்தில், கீழே எக்ஸ்சேஞ்சுக்குப் போகும் ஊர்ப்பக்கத்துக் கம்பிகளின் முனைகள் இரண்டும் தொங்கின. குறடால் அவற்றைச் சேர்த்துச் சேர்த்துத் தட்டினேன்.

இங்கேதான் எங்கள் வழக்கமே என்னைக் கவிழ்த்தது. லைன்மேன் வேலை முடிந்து இறங்கும்போது போனை எடுத்துப் பேசச் சோம்பல்பட்டு, கம்பிகளை மூன்று முறை தட்டிவிட்டு வருவான். எக்ஸ்சேஞ்ச் போர்டில் இருக்கும் சாதாரண மீட்டரின் முள் மூன்று முறை துள்ளும். முடிந்தது என்று அர்த்தம். ஆபத்து என்பதற்கு நாங்கள் ஒரு தட்டு வைத்துக்கொள்ளவே இல்லை. பதறிய கையும் பழகியதைத்தானே செய்யும், மூன்று மூன்றாகத்தான் தட்டியது. கீழே ஆபரேட்டர் செல்வராஜ், "ஏழுமலை முடிச்சிட்டான், எறங்கிக்கினு இருப்பான்" என்று டீ ஊற்றப் போயிருக்கிறார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

குறடு கையிலிருந்து நழுவிச் சரிவில் போனது. அதன்பிறகு கைக்கு ஒரு முனையாகப் பிடித்துக்கொண்டேன். எதற்கு என்று கேட்டால் தெரியாது. ஊரோடு என்னைச் சேர்த்திருந்தது அந்தக் கம்பி ஒன்றுதான். குளிர் ஏறியது. வலி போய்விட்டது. தூக்கம் வந்தது, அப்படியொரு சுகமான தூக்கம். கை தளர்ந்தது.

அப்போது கம்பி கடித்தது.

இரண்டு மணிக்கட்டிலும் ஒரே நேரத்தில் வெடுக்கென்று பிடித்து உதறியது. நெஞ்சு துடித்துக் கண் திறந்தேன். சுற்றிலும் வெள்ளை மூட்டம், எதுவும் அசையவில்லை. இந்த வளைவில் இருப்பது என்னைக் கண்டுகொண்டது என்று நினைத்தேன். முதல் தடவை பதில் சொல்லாதே என்பது ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டு கிடந்தேன். மறுபடி கண் செருகியது. மறுபடி கடித்தது. இந்தத் தடவை கவனித்தேன். இரண்டு கடி, ஓர் இடைவெளி, இரண்டு கடி. வாழ்நாளெல்லாம் காதால் கேட்ட தாளம் அது. டெலிபோன் மணி. எக்ஸ்சேஞ்சிலிருந்து யாரோ எனக்கு மணி அடிக்கிறார்கள், என் உடம்பில் அடிக்கிறது. நான் அழுதேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. கம்பிகளை இறுக்கிப் பிடித்தேன்.

டெஸ்ட் ரூமில் நடந்ததைப் பிறகு எங்கள் இன்ஜினியர் சொல்லித்தான் அறிந்தேன். நான் தட்டியதும் அக்கா லைனைப் பெஞ்ச் மீட்டருக்கு மாற்றியிருக்கிறார். கம்பிகள் சேர்ந்த கணங்களில் தடையைப் பிடித்துவிட்டார். கம்பி நீள நீளத் தடையும் கூடும், ஆகவே தடை தெரிந்தால் தூரம் தெரியும். ஆனால் தட்டு நின்றபிறகும் லைன் காலியாகவில்லை. பெரிய எண் ஒன்று வந்து, ஏறி இறங்கி ஆடிக்கொண்டிருந்தது. ஈர இலை பட்டிருக்கும் என்றார் இன்ஜினியர். அக்கா தலையை ஆட்டினார். "முடிச்சவன் கம்பிய வுட்டுடுவான் சார். இவன் வுடல. இது ஏமல கை."

எண் மெல்ல மெல்ல ஏறத் தொடங்கியது. பிடி தளர்கிறது என்று அர்த்தம். மணிக்கான மின்சாரத்தைக் கம்பியில் விட்டு மணி அடிக்கப்போகிறேன் என்றார் அக்கா. "கை ஈரமா இருந்தா இன்னாம்மா ஆவும்? ஆளையே கொன்னுடும்" என்று இன்ஜினியர் தடுத்திருக்கிறார். "தூங்கினா மட்டும் பொழைப்பானா சார்?" என்றாராம் அக்கா. மீட்டர் மாட்டியிருக்கும்போது மணி அடித்தால் மீட்டர் எரிந்துவிடும். ஆகவே கம்பிகளைக் கழற்றி, அடித்துவிட்டு, மறுபடி மாட்ட வேண்டும். மாட்டிய பிறகும் எண் வந்து நிற்கச் சற்று நேரமாகும். அந்த நேரத்தில் அக்காவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை, வெளியே போய்விட்டேன் என்றார் இன்ஜினியர். தான் அடித்ததில் நான் செத்தேனா பிழைத்தேனா என்று ஒவ்வொரு தடவையும் அந்தச் சிவப்பு எண்ணிடம் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எண் இறங்கியது. நான் இறுக்கியிருந்தேன்.

செல்வராஜ் சைக்கிளில் அடிவாரத்துக்கு ஓடினார். அக்கா அவரிடம் வளைவைச் சொல்லி அனுப்பியிருந்தார். குளிரில் கம்பியின் தடை குறையும், அதைச் சேர்த்துப் பார்க்காவிட்டால் தூரமும் குறைந்துபோகும், தேடுகிறவர்கள் கீழ்வளைவில் நின்று கூப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவார்கள் என்று அதையும் கணக்குப் போட்டிருந்தார். அங்கே மறியலில் இருந்தவர்களில் ஒருவர், "அது நாம பாதியில வுட்டுட்டு வந்த மரம்" என்றாராம். ரம்பத்தோடும் கயிற்றோடும் அவர்களே ஏறினார்கள். மூட்டத்துக்குள்ளிருந்து "ஏழுமல!" என்று குரல் வந்தது. நான் பதில் சொல்லவில்லை. இரண்டாவது தடவை கூப்பிட்டபிறகுதான் சொன்னேன். சிரிக்காதீர்கள்.

மரத்தைத் தூக்கியபிறகும் என் விரல்களைக் கம்பியிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்ததாம். நான் விட்டதும் கீழே எண் மறைந்திருக்கிறது. என்னைக் காப்பாற்றிவிட்டார்கள் என்பதற்கும் நான் செத்துவிட்டேன் என்பதற்கும் மீட்டரில் ஒரே அடையாளம்தான். ஆள் வந்து சொல்லும்வரை அக்கா அந்த வெற்று மீட்டர் முன்னால் அசையாமல் இருந்தாராம். ஆஸ்பத்திரியில் பார்க்க வந்தபோது, "ரொம்ப வலிச்சுதாடா?" என்று மட்டும் கேட்டார். "கடிச்சுதுக்கா" என்றேன். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

போன வாரம் ஆஸ்பத்திரிக்கு அவரைப் பார்க்கப் போனேன். வாதம் வந்து பேச்சு நின்றுவிட்டது, யாரையும் தெரியவில்லை என்றாள் தேன்மொழி. கண் திறந்திருந்தது, ஆனால் பார்வை எங்கோ இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்தேன். காய்ந்து போயிருந்தது, என் கையைவிட. என்ன தோன்றியதோ, இரண்டு முறை அழுத்தினேன். நிறுத்தினேன். இரண்டு முறை அழுத்தினேன். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. ஆனால் விரல்கள் இறுகின. நேரமாகிவிட்டது என்று நர்ஸ் வந்து சொன்னார். நான் கையை எடுக்கப் பார்த்தேன். அக்கா விடவில்லை.

அவர் போய்விட்டார் என்று தேன்மொழி சொல்லியும் நான் நம்பாமல் இருப்பதற்கு அதுதான் காரணம். முடித்தவன் கம்பியை விட்டுவிடுவான் என்றவர் அவர்தான். பொழுது சாயும் நேரங்களில் இப்போதும் என் மணிக்கட்டுகளில் ஓர் உதறல் வரும். நரம்புக் கோளாறு என்கிறார் டாக்டர், இருக்கலாம். அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான். நேற்று வந்தது. இரண்டு, ஓர் இடைவெளி, இரண்டு. கையில் ஒன்றும் இல்லை. இருந்தாலும் இறுக்கினேன். மலைக்காரர்கள் மன்னிக்கட்டும், நான் முதல் தடவையிலேயே பதில் சொல்லிவிடுகிறேன்.