நாற்பது ஈமெயில்

துஷ்யந்தி புளத்கொகுபிட்டியப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் தனியாளாகப் பிளவுஸ் தைப்பவள். ஃபோனில் பார்த்துக் கற்றுக்கொண்டு, "தீபாவளிக்குத் துணியை இப்பவே குடுங்க" என்று நாற்பது வாடிக்கைக்காரிகளுக்கும் தனித்தனியாகப் பெயர் போட்டு ஈமெயில் அனுப்பினாள். ஒருத்தியும் பார்க்கவில்லை. எப்படிப் பார்ப்பார்கள்? அவர்களுக்கு ஈமெயில் திறந்து கொடுத்ததே டவுனில் படிவம் நிரப்பும் நஸீம் நானாதான். பாஸ்வேர்டெல்லாம் அவர் எழுதிவைக்கும் கொப்பியில்தான் இருந்தன. திறந்து காட்டச் சொல்லி அவரிடமே போனாள்.

"அடுத்தவங்க மெயிலை நான் திறக்க மாட்டேன் தங்கச்சி. பிரிண்ட் எடுத்துத் தாறேன், கையில குடுங்க," என்றார் அவர்.

கொழுந்து நிறுக்கும் இடத்தில் நின்று நாற்பதையும் கொடுத்தாள். மறுநாளே துணிகள் வந்தன. அழகம்மா மட்டும் துணியோடு அந்தத் தாளையும் கொண்டுவந்திருந்தாள்.

"இதை லேமினேட் பண்ணித் தருவாரா புள்ள, நானா? என் பேரு போட்டு வந்த மொதக் கடுதாசி."