அம்மா காதுக்கு ஆயிரம், கவுன்ட்டருக்கு ஆயிரத்து இருபத்தேழு

எங்கள் வகுப்பில் பாதிப் பேர் ஹைதராபாத் அமீர்பேட்டையில் ஜாவா கோர்ஸுக்கு ஓடிக்கொண்டிருந்தபோது, நானும் என் தோழியும் கூவுகிற டப்பா ஒன்று செய்துகொண்டிருந்தோம். குமிழைத் திருகினால் மைக்ரோகன்ட்ரோலர் சிப் அதைப் படித்து, அதற்கேற்ற அதிர்வெண்ணில் ஒலி எழுப்பும். எத்தனை ஹெர்ட்ஸ் என்று சின்னத் திரையில் எண் வரும். கடைசி வருட ப்ராஜெக்ட். இதில் பாஸானால்தான் டிகிரி. டிகிரி வந்தால்தான் ஏற்கெனவே கைக்கு வந்திருந்த வேலைக் கடிதத்துக்கு மதிப்பு.

அல்வாலில் எங்கள் வீட்டில் அளந்து பார்க்க ஆசிலோஸ்கோப் கிடையாது. அம்மா இருந்தாள். சர்ச் பாட்டுக்குழுவுக்குப் பல வருடமாக ஆர்மோனியம் வாசிப்பவள். நான் டப்பாவை 440-இல் வைத்தேன். அவள் அதே சுரத்துக்கான கட்டையை அழுத்தி, முகம் சுளித்தாள்.

"ஏட்டி, உன் டப்பா எறங்கிக் கெடக்கு. கொஞ்சம் ஏத்து."

"அம்மா, உள்ள கிரிஸ்டல் இருக்கு. கணக்கு தப்பாது."

"கணக்கு கெடக்கட்டும். என் காது பொய்யா சொல்லுது?"

தோழிக்குத் தமிழ் புரியும், பதில் மட்டும் ஹைதராபாத் இந்தியில்தான் வரும். வாயில் அம்மா சுட்ட முறுக்கு வேறு. "ஆன்ட்டி போலே தோ ஃபைனல். கைக்கு டென்ஷன் லேரீ?" என்றாள். ஆன்ட்டி சொன்னால் அதுதான் முடிவு, எதற்கு டென்ஷன் என்று அர்த்தம்.

புரோகிராமில் ஒரு வரி சேர்த்தேன்: எல்லாவற்றையும் 1.027-ஆல் பெருக்கு. டப்பாவும் ஆர்மோனியமும் அப்படியே ஒத்துப்போயின. அந்த ஆர்மோனியத்தை யார் அளந்தது என்று எங்கள் மூவரில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

வைவாவுக்கு வந்த வெளித் தேர்வாளர், ஆயிரம் வைக்கச் சொல்லி, ஹெர்ட்ஸ் எண்ணும் தன் கவுன்ட்டரை மாட்டினார். எங்கள் திரையில் 1000. அவருடையதில் 1027.

"ஏன்டம்மா இதி?" என்னம்மா இது என்று தெலுங்கில் கேட்டார்.

"ட்யூன் பண்ணினோம், சார்," என்றேன்.

எதை வைத்து என்று கேட்டார்.

"ஆர்மோனியம், சார்."

அவர் கதவுக்கு மேலிருந்த பலகையை ஒரு தரம் படித்தார். "திஸ் இஸ் எலக்ட்ரானிக்ஸ் டிபார்ட்மென்ட், நோ?" பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். "டென் மினிட்ஸ்."

ஸ்க்ரூ டிரைவரால் சிப்பை நெம்பி எடுத்து, 1.027 வரியை அழித்து, புரோகிராமை மறுபடி அதில் ஏற்றினோம். திரும்பச் செருகும்போது அதன் கால்களில் ஒன்று ஒடிந்தது. நாற்பது கால்களில், ஒலி வெளியே வருகிற அந்தக் கால்தான்! என் தோழி ஒரு ஒயரை எடுத்து, ஒடிந்த முனைமேல் வலது கட்டைவிரலால் அழுத்திக்கொண்டாள். டப்பா கூவியது. இங்கே 1000, அங்கே 1000. இரண்டாயிரம் கேட்டார், அதுவும் சரி.

"கொஞ்சம் தள்ளி நில்லும்மா," என்று அவளிடம் ஆங்கிலத்தில் சொன்னார்.

"நக்கோ சார்," வேண்டாம் என்றாள் அவள், மூச்சைப் பிடித்தபடி.

அவர் கையெழுத்துப் போட்டார். எழுந்து எனக்குக் கை கொடுத்தார். பிறகு அவள் பக்கம் கையை நீட்டினார். அவள் அந்தக் கையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கட்டைவிரலை எடுக்கவில்லை. அவள் சார்பில் நானே இன்னொரு முறை குலுக்கினேன்.