பிங்க்கியின் லங்கணம்

போன செவ்வாய்க்கிழமை காலை பிங்க்கி சாப்பிட வரவில்லை.

பிங்க்கி என் கோழி. மேல்வீட்டுப் பஞ்சாபிக் குடும்பம் அதைக் குஞ்சாக வாங்கியபோது ரோஸ் சாயம் அடித்திருந்தது. சாயம் போய்விட்டது, பெயர் போகவில்லை. ட்ரான்ஸ்ஃபரில் புனே கிளம்பியவர்கள், "அங்கிள், ஆப் ரக் லோ", நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று கூடையோடு என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள். டெல்லி ஜனக்புரியில் தரைத்தளத்தில் தனியாக இருக்கும் ரிட்டையர்ட் ஆளை விட்டால் வேறு யாரிடம் கொடுப்பார்கள்?

மனைவி போய் இரண்டு வருஷம் ஆகிறது. பிள்ளை டொரன்டோவில். காய்கறிக்காரர், கேஸ்காரர், பார்க்கில் நடக்கும் கிழவர்கள் எல்லோரிடமும் ஹிந்தி. நான் வாய்விட்டுத் தமிழ் பேசுவது பிங்க்கியிடம் மட்டும்தான். கரன்ட் பில், ரசத்தில் உப்பு கூடிப்போனது, மனைவியின் புடவைகளை என்ன செய்வது... எல்லாம் அதற்குத் தெரியும். தலையைச் சாய்த்துக் கேட்கும். ஆபீஸில் முப்பது வருஷம் என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

அன்றைக்குப் பின்பக்க வராந்தா மூலையில் சிறகை உப்பிக்கொண்டு, வால் தொங்க, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தது.

எங்கள் வீட்டில் எந்த வியாதிக்கும் முதல் மருந்து லங்கணம் — பட்டினி போடுவது. அப்புறம் ஓமத் தண்ணீர். அஜீரணம்தான் என்று நானே முடிவு செய்து, கம்புக் கிண்ணத்தை எடுத்து உள்ளே வைத்தேன். ஸ்பூனால் சொட்டுச் சொட்டாக ஓமத் தண்ணீர் புகட்டினேன். புதன்கிழமை காலை பிங்க்கியால் எழுந்து நிற்கவே முடியவில்லை.

பிள்ளைக்கு போன் செய்தேன்.

"ஒரு கோழிதானேப்பா? வேற வாங்கிக்கலாம்."

வாங்கலாம். அந்தப் புதுக் கோழிக்கு எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டுமே?

கூடையை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் கிளினிக் போனேன். சுற்றிலும் நாய்கள். டாக்டர் சின்னப் பெண். பிங்க்கியின் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, இதுவரை எத்தனை முட்டை இட்டிருக்கிறது என்று ஹிந்தியில் கேட்டார். எனக்கு அறுபத்தெட்டு வயது, முட்டையே நுழையாத வீடு. கோழி முட்டையிடும் என்று தெரியும். என் கோழி இடும் என்று தோன்றவே இல்லை.

முதல் முட்டை, வழியில் மாட்டிக்கொண்டிருந்தது. கால்சியம் குறைவாம். போதாக்குறைக்கு என் லங்கணம் வேறு.

டாக்டர் ஊசி போட்டார். வெதுவெதுப்பான தண்ணீரில் இருபது நிமிஷம் உட்கார வைக்கச் சொன்னார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை.

"கோழி தன் நோயைக் கடைசிவரைக்கும் மறைக்கும் அங்கிள்ஜி. காட்டிக்கொண்டால் கூட்டத்தில் மற்ற கோழிகள் கொத்தும். தனியாக வளர்ந்தாலும் அந்தப் பழக்கம் போகாது" என்றார்.

வீட்டுக்கு வந்து பிளாஸ்டிக் டப்பில் தண்ணீர் நிரப்பி, பிங்க்கியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். சட்டை முழுக்க ஈரம். "போயிடாதேடி" என்றேன். நிறைய தடவை சொன்னேன். வெட்கமில்லாமல் அழவும் செய்தேன்.

மத்தியானம் மூன்று மணிக்கு முட்டை வந்தது. மெல்லிய ஓடு, ஓரத்தில் ஒரு துளி ரத்தம். வாழ்க்கையில் முதல் தடவையாக முட்டையைக் கையில் எடுத்தேன். சூடாக இருந்தது. சாயங்காலத்துக்குள் பிங்க்கி கிண்ணம் நிறையக் கம்பு தின்றுவிட்டு வராந்தாவில் அதிகாரமாக நடந்தது.

சனிக்கிழமை பிள்ளையின் வாராந்திர போன்.

"கோழி எப்படிப்பா இருக்கு?"

"நல்லா இருக்கு."

"நீங்க?"

"எனக்கென்னப்பா, ஜம்முனு இருக்கேன்."

டப்பில் நனைந்ததில் பிடித்த காய்ச்சல், அன்றைக்கு மூன்றாவது நாள். இத்தனைக்கும் என்னைக் கொத்துவதற்கு இங்கே ஒருவரும் இல்லை.