அப்பா செய்யாத சத்தியம்

என் மகனின் காரைத் திறந்து பார்த்த மெக்கானிக், "வால்வு டைமிங் தப்பிட்டு ஆச்சி, அதான் பெட்ரோல இப்படிக் குடிக்கி" என்றான். எட்டு வயதில் மேலகரத்தில், அப்பாவுடைய முதலாளி வீட்டு வாசலில் நான் நின்றது நினைவுக்கு வந்தது.

அப்பா அந்த முதலாளியின் வாடகைக் காரைத் தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் ஓட்டினார். பட்டறையில் இஞ்சினைப் பிரித்து மாட்டிய பிறகு, எவ்வளவு ஊற்றினாலும் பெட்ரோல் நிற்கவே இல்லை.

"ஏலே, பெட்ரோல எங்க விக்குத?" என்றார் முதலாளி.

"விக்கல அண்ணாச்சி. உள்ள போற காத்து சூடா இருந்தா இஞ்சின் திணறும். இப்ப சாரல் காத்து குளுகுளுன்னு இருக்கு, அப்பவும் திணறுது. வால்வு தொறக்குற நேரம் தப்பிருக்கு. பிரிச்சுப் பாருங்க."

"காத்து மேல பழி போடுதியா? உம் மவ தலையில அடிச்சு சத்தியம் பண்ணுலே."

நானே முன்னால் போய்த் தலையைக் குனிந்து நின்றேன். பிள்ளை தலையில் ஆணையிடுவது பாவம் என்று அப்பா கையைக் கட்டிக்கொண்டார்.

"பாத்தியளா களவாணிப் பயல!" என்றார் முதலாளி. கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

வேலை போயிற்று. பின்னால் இஞ்சினைப் பிரித்தபோது அப்பா சொன்னதே சரியாக இருந்தது. முதலாளி அப்பாவைத் திரும்பக் கூப்பிடவே இல்லை.

குற்றாலநாதா, அந்த முதலாளியை நீ பார்த்துக்கொள்வாய். அன்று வீடு திரும்பும் வழியில், அவர் களவாணிதானோ என்று நினைத்து, அப்பா நீட்டிய கையை நானும் தட்டிவிட்டேன். அதற்கு என்ன செய்வேன்?