கதவுக்கு அந்தப் பக்கம் படித்த மனிதர்

"கலாநிதி அலியார் மாஸ்டர் வபாத்தானார்" என்று பள்ளிவாசல் ஒலிபெருக்கி அஸருக்குப் பிறகு அறிவித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்து சொல்லி, வீடே அழுதுகொண்டிருந்த நேரம். அந்த அழுகைக்குள்ளும் 'கலாநிதி' என்ற முதற்சொல் எனக்கு உறைத்தது. உயிரோடு இருந்தபோது எந்த அரசாங்கக் கந்தோரும் அவரை அப்படி அழைத்ததில்லை. மௌத்தான பிறகு எங்கிருந்து வந்தது இந்த மரியாதை?

அவர் என் மூத்த மகளின் கணவர். எங்கள் வழக்கப்படி கலியாணம் முடித்து என் வீட்டுக்கு வந்தவர். மாமியும் மருமகனும் முகம் பார்த்துக் கதைப்பது இங்கே வெட்கம். அவர் முன் அறையில் இருப்பார், நான் குசினிக் கதவுக்குப் பின்னால் நிற்பேன். அவரோடு படிப்பித்த உங்களுக்கெல்லாம் அவர் முகம் தெரியும். எனக்குத் தெரிந்தது குரல்தான்.

எழுபதுகளின் கடைசியில், வெளிநாட்டுப் பல்கலைக்கழகமொன்றில் தபால் மூலம் கலாநிதி என்கிற டாக்டர் பட்டத்துக்குப் பதிந்தார். அதே நேரம் சவூதியில் நல்ல வேலையொன்றும் வந்தது. வேண்டாம் என்றுவிட்டார். பட்டம் கிடைத்தால் ஆசிரியர் கலாசாலையில் விரிவுரையாளர் ஆகலாம் என்று நம்பினார். சவூதிக்குப் போனவர்களின் வீடுகளில் மாடி எழும்பியது. எங்கள் வீட்டுக்குத் தடித்த தபால் உறைகள் வந்தன. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனாலும் வாத்தியார் முன்னால் நிற்காத படிப்பை நான் கேள்விப்பட்டதில்லை. அங்கே யாராவது பெண் இருக்கிறாளோ என்றுகூட ஓர் உறையை மோந்து பார்த்தேன். பசை வாசம்தான் அடித்தது.

ஒருநாள், அவருக்குக் கேட்கட்டும் என்றே மகளிடம் உரக்கச் சொன்னேன்: "அவருக்குப் படிப்பிக்கிற ஆள ஆரு கண்டதாம் மகள்? அப்படி ஒருத்தர் இரிக்காரா?"

முன் அறையில் சிரிப்புக் கேட்டது. "ஒருத்தரும் காணல்ல மாமி. நீங்களும் நானும் கதைக்கிறாப் போலதான். முகம் தெரியாது, பிழை விட்டாப் பிடிச்சிருவாரு."

அப்படியே பிடித்தார். மருமகன் எழுதியது வயலுக்குத் தண்ணீர் பங்கிடுவதைப் பற்றி. மாவடிப்பள்ளிப் பக்கத்துக் கடைசி வயலுக்கும் தண்ணீர் ஒழுங்காகப் போகிறது என்று, வாய்க்காலுக்குப் பொறுப்பான வட்டவிதானையார் சொன்னதை நம்பி எழுதிவிட்டார். 'நீங்கள் கண்டதா?' என்று கேட்டு அந்த அத்தியாயம் திரும்பி வந்தது. அந்தப் போகம் முழுக்கச் சைக்கிளில் போய் வாய்க்கால் முடிவில் நின்று பார்த்தார். தண்ணீர் வரவேயில்லை. எல்லாவற்றையும் மாற்றி எழுதினார். அந்த முகந்தெரியாத வாத்தியார் மேல் எனக்கு அன்றைக்குத்தான் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

பட்டமும் வந்தது. விரிவுரையாளர் வேலைக்கான நேர்முகப் பரீட்சைக்குக் கொழும்புக்குப் போனார். எங்கே தங்கிப் படித்தீர் என்று கேட்டார்களாம். "கல்முனையில, என்ட பொஞ்சாதிட ஊட்டில" என்றாராம். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்களாம். வாய்க்காலைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. வேலையும் இல்லை, மறுமுறை போனபோதும் இல்லை. அந்த இடத்தை யாருக்கென்று முதலே பேசி வைத்திருந்தார்களோ, எனக்கு இன்றும் சந்தேகம்தான்.

"சவூதிக்குப் போயிருக்கலாம்" என்று கதவுக்குப் பின்னாலிருந்து சொன்னேன்.

"போயிருக்கலாம் மாமி," என்றார். "ஆனா கடைசி வயலுக்குத் தண்ணி வாறல்ல எண்டு தெரியாமலே போயிருப்பன்."

கடைசிவரை அதே பள்ளிக்கூடத்தில் அதே வகுப்புகளுக்குத்தான் படிப்பித்தார்.

அவருடைய மூத்த மகள், என் பேத்தி, வகுப்பில் முதலாம் பிள்ளை. புள்ளிகளைக் கண்டுதான் சொல்கிறேன். தானும் தபாலில் படிக்கலாமா என்று கேட்கிறாள். படி, உத்தியோகம் தரும் என்று மட்டும் நம்பாதே என்றிருக்கிறேன்.

ஜனாஸாவைத் தூக்கும் முன்தான் அவர் முகத்தை நேராகப் பார்த்தேன். குரலுக்குப் பொருத்தமான முகம்.

ஏழாம் நாள் கத்தம் ஓதலுக்குக் கல்விக் கந்தோரிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். அலியார் மாஸ்டரின் பட்டத்தைக் கந்தோரில் எல்லோரும் எப்போதும் மதித்தார்கள் என்று முன் அறையில் இருந்து சொன்னார். மருமகன் விட்டுப்போனதில் எனக்கென்று நான் எடுத்துக்கொண்டது ஒரு கேள்விதான். கதவுக்குப் பின்னால் நின்று அதைக் கேட்டேன்.

"நீங்க கண்டதா?"