பதினோரு பேருக்கு மொட்டு

தவறு என்னுடையதுதான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் யாரும் கடைக்காரர் தலையில் கட்ட வேண்டாம். மலைப்பாதை வளைவில் பஸ் திரும்பும்போது ஒரு கையில் கம்பியும் இன்னொரு கையில் போனுமாக நின்றுகொண்டு, ஆண்டு இறுதிக் கூட்டத்துக்கு ஊரையே அழைத்தவள் நான். வீட்டில் உட்கார்ந்து நிதானமாகப் பேசியிருக்கலாம். நிதானம் எனக்குப் பிறவியிலேயே கம்மி.

அப்போது கல்வராயன் மலையில் ஒரு சின்ன ஊரில் தொடக்கப்பள்ளி டீச்சராக இருந்தேன். பஸ்ஸை விட்டு இறங்கி முக்கால் மணி நேரம் நடக்க வேண்டும். ஒன்றிலிருந்து ஐந்து வரை மொத்தம் இருபது பிள்ளைகள். கூட வேலை பார்த்த டீச்சர் பேறுகால விடுப்பில் போய்விட்டதால் பாடம் நடத்துவது, மணி அடிப்பது, சத்துணவில் உப்பு பார்ப்பது எல்லாம் நானே. வீடு கள்ளக்குறிச்சியில். விடிகாலையில் கிளம்பி, கச்சிராயபாளையத்தில் பஸ் நிற்கும்போது ஒரு டீ குடித்துவிட்டு மலை ஏறினால் நேரம் சரியாக இருக்கும்.

ஆண்டு முடிவில் இரண்டு வேலை உண்டு. ஒன்று, ஒவ்வொரு பிள்ளையும் எவ்வளவு கற்றிருக்கிறது என்று அட்டையில் எழுதிப் பெற்றோர் கையில் கொடுப்பது. இரண்டு, குடும்ப விவரங்களைப் புதுப்பிப்பது. முதல் ரேங்க், கடைசி ரேங்க் என்றால் பிஞ்சு மனசு நோகுமாம். அதனால் அப்போதுதான் வந்த புது முறைப்படி எழுத்து மட்டும் தெரிந்த பிள்ளை அரும்பு. டீச்சர் எடுத்துக் கொடுத்தால் வார்த்தை படிக்கிற பிள்ளை மொட்டு. யார் துணையும் இல்லாமல் படித்தால் மலர். இதை யோசித்தவர் யாரோ, நல்ல மனசுக்காரர். ஆனால் இதைப் போனில் சொல்லிப் பார்த்திருக்க மாட்டார்.

குடும்ப விவரம் இன்னொரு கூத்து. ‘குடும்பத்தில் ஏதேனும் மாற்றம் உண்டா?’ என்று படிவத்தில் ஒரு கேள்வி. முந்தின வருஷம் ஒருவர் வெகுநேரம் யோசித்து, “கெடேரி கன்னுக்குட்டி ஒண்ணு வந்துக்குது டீச்சர்” என்றார். இன்னொருவர், “மாமியார் போயிட்டாங்க” என்று சொல்ல, நான் முகத்தைச் சோகமாக்கிக்கொண்டேன். “அவங்க பெரிய பையன் வூட்டுக்குத்தான் போயிக்கிறாங்க” என்று அவர் முடித்தார். போன் நம்பர் கேட்டால் பாதிப்பேர் ஊரின் ஒரே கடைக்காரர் நம்பரைத்தான் கொடுப்பார்கள். ஊரில் சிக்னல் கிடைப்பது அவர் கடைக்குப் பின்னால் இருக்கிற பாறையில் மட்டும்தான்.

அந்த வருஷம் எனக்கு இருந்த ஒரே கவலை ஐந்தாம் வகுப்பில் படித்த ஒரு பெண்ணைப் பற்றியது. ஆறாம் வகுப்புக்கு வேறு ஊர் விடுதிப் பள்ளிக்குத்தான் போக வேண்டும். அவள் அப்பா கர்நாடகாவில் காபித் தோட்டத்து வேலைக்குப் போயிருந்தார். அம்மா இடுப்பில் ஒரு வயதுக் குழந்தை. பொங்கல் முடிந்த கையோடு அந்த அம்மா வந்து, “இவளுக்குப் படிப்பு ஏறல டீச்சர். ஆஸ்டலுக்கு அனுப்பிட்டு நான் சின்னத இடுப்புல வெச்சிக்கினு காட்டு வேலைக்கு எப்படிப் போறது? நிறுத்திடறேன்” என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. பெண் பிள்ளை என்றால் இளப்பமா, நாளைக்கு அவளும் இப்படி இடுப்பில் ஒன்றை வைத்துக்கொண்டு நிற்கணுமா, புது அட்டையில் அவள் மலர் என்றே வாங்குவாள் என்று வாய்க்கு வந்தபடி பேசிவிட்டேன். அவள் குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு எழுந்தாள். போகும்போது, “வருசக் கடைசியில அட்டை குடுப்பீங்கல்ல, அதுல மலர்னு வந்தா அனுப்பறேன். இல்லன்னா நிறுத்திடறேன்” என்று சொல்லிவிட்டுப் போனாள். படிப்புக்கு எதிரி என்று அன்றைக்கே அவளை என் மனசுக்குள் எழுதி வைத்துக்கொண்டேன். அதற்கப்புறம் தினமும் மதியம் அந்தப் பெண்ணைப் பக்கத்தில் உட்கார வைத்துப் படிக்கச் சொன்னேன். எழுத்தெழுத்தாகச் சொல்லுவாள், வார்த்தையாகச் சேர்க்கும்போது திணறுவாள், என் முகத்தைப் பார்ப்பாள். நான் சொல்லிக் கொடுத்துவிடுவேன். கடைசியில் அவளுக்கும் மொட்டுதான் போட முடிந்தது.

இனி அந்தப் போன். புதன்கிழமை சாயங்காலம் அட்டைகளை எழுதி முடித்துவிட்டுப் பஸ்ஸில் மலை இறங்கிக்கொண்டிருந்தேன், டிரைவர் வளைவுக்கு வளைவு ஹாரனை அமுக்கினார்.

“அண்ணா, எழுதிக்குங்க. நாளைக்குக் கூட்டம். பதினோரு பேருக்கு மொட்டு போட்டிருக்கு” என்றேன்.

“மொட்டயா?” என்றார் கடைக்காரர்.

“ஆமாண்ணா, மொட்டு. பேரு சொல்றேன்.” பேர்களைச் சொன்னேன். “நாலு பேருக்கு அரும்பு.”

அவர் என்னவோ கேட்டார். ஹாரனில் காதில் விழவில்லை. “அவங்க அப்பாங்க கட்டாயம் வரணும்” என்று மட்டும் சொன்னேன். “அஞ்சு மலர். அதுல ஒண்ணும் கவலையில்ல, கூட்டியாந்தா போதும். பெத்தவங்களும் சேர்ந்து வரணும்ணா.”

“சரிங்க டீச்சர். எல்லாம் முடிச்சிடறேன்” என்றார். எதை முடிக்கிறார் என்று கேட்டிருக்க வேண்டும். லைன் போய்விட்டது.

வியாழக்கிழமை காலை கடைசி மேட்டில் ஏறியதும் பள்ளி வாசலில் மஞ்சள் மஞ்சளாக என்னவோ தெரிந்தது. கிட்டே போனால் தலைகள். சந்தனம் பூசிய மொட்டைத் தலைகள் பதினொன்று, வெயிலில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஊரில் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தேன். அதற்குள் ஒரு தலை எழுந்து, “குட் மார்னிங் டீச்சர்” என்றது. எல்லாத் தலையும் சொன்னது. யார் யார் என்று எனக்கு அடையாளம் தெரியவில்லை. வருஷம் முழுக்கக் கத்திக் கத்திக் கூப்பிட்ட பிள்ளைகளை அன்றைக்குக் குரலை வைத்துத்தான் கண்டுபிடித்தேன்.

கடைக்காரர் முன்னால் வந்து நின்றார். செய்த வேலையில் அவருக்கு ஏகத் திருப்தி. கச்சிராயபாளையத்திலிருந்து சலூன்காரரை பைக்கில் கூட்டிவந்து, ஓடைக்கரைக் கோயிலில் வைத்து ஒரே காலையில் எல்லோருக்கும் முடித்துவிட்டாராம். “லிஸ்ட்டுபடி பதினோரு பேரும் ஆச்சிங்க” என்றார்.

“அரும்பு?” என்றேன். 

அவர் திரும்பிக் கையைக் காட்டினார். நாலு அப்பாக்கள் சுவரோரம் நின்றார்கள். நாலு பேருக்கும் உதட்டுக்கு மேல் பென்சிலால் கோடு போட்டமாதிரி அரும்பு மீசை. அதில் ஒருவருடைய முறுக்கு மீசை மலைக்குக் கீழே கூடப் பிரசித்தம். அவர் மனைவி முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். “அரசாங்கத்துக்கு எம்மேல இன்னா கோவம்னு தெரியல டீச்சர். சொன்னாங்க, செஞ்சிட்டேன்” என்றார் அவர். ஒன்றாம் வகுப்பில் படிக்கும் அவர் மகன் அப்பாவிடம் போக மாட்டேன் என்று அழுதான். மலர்க்காரர்கள் ஐந்து பேரும் ஆளுக்கொரு பை நிறைய சாமந்திப் பூ கொண்டுவந்திருந்தார்கள். “கவுருமெண்ட்டுல பூன்னு சொல்ல மாட்டாங்க, மலர்னுதான் சொல்வாங்க” என்று கடைக்காரர் அவர்களுக்கு விளக்கியிருந்தார்.

நான் தலையில் கை வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டேன். மொட்டை இல்லை, மொட்டு, பூ மலர்வதற்கு முன்னால் இருக்குமே அது என்று சொன்னேன். 

“அத மொக்குன்னு சொல்லியிருந்தா வம்பே இல்லீங்களே” என்றார் கடைக்காரர்.

அவர் சொன்னது நியாயம். நானும் எங்கள் வீட்டில் மொக்கு என்றுதான் சொல்வேன். “பள்ளிக்கூடத்துல எதுக்கு மொட்டை அடிக்கச் சொல்லப் போறாங்கன்னு ஒருத்தர் கூடவா யோசிக்கல?” என்று கேட்டேன். போன மாதம் நர்ஸ் வந்து பேன் பார்த்துவிட்டுப் போனதாகவும், அதன் தொடர்ச்சி என்று நினைத்ததாகவும் சொன்னார்கள். மலர்க்காரர் ஒருவர் மட்டும், தன் பையனுக்கு மட்டும் ஏன் மொட்டை இல்லை என்று முந்தின நாள் கடைக்காரரோடு சண்டைக்கே போனாராம்.

இந்த நேரம் பார்த்து வட்டாரக் கல்வி அலுவலகத்திலிருந்து ஓர் அலுவலர் பைக்கில் வந்து இறங்கினார். கூட்டத்தைப் படம் எடுத்து மேலே அனுப்ப வேண்டியது அவர் வேலை. ஹெல்மெட்டைக் கழற்றாமலே தலைகளை எண்ணினார்.

“என்ன டீச்சர், பழனிக்குப் போயிட்டு வந்தீங்களா?”

“டீச்சர்தான் சார் போன்ல சொன்னாங்க” என்றார் கடைக்காரர். காட்டிக் கொடுக்கிற எண்ணமே அவருக்கு இல்லை, பெருமையாகத்தான் சொன்னார்.

நான் நடந்ததைச் சொன்னேன். அலுவலர் சிரிக்கவுமில்லை, திட்டவுமில்லை. இதை எப்படிப் படம் எடுப்பது என்பதுதான் அவர் பிரச்சினை. கடைசியில் பதினோரு பிள்ளைகளையும் பாடப்புத்தகத்தை விரித்துத் தலைமேல் கூரைமாதிரி கவிழ்த்துக்கொள்ளச் சொல்லிப் படம் எடுத்தார். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுப் புதுமையான முயற்சி என்று மேலிருந்து பாராட்டு வந்தது, அது பிறகு. அவர் பூப் பை ஒன்றை வாங்கிக்கொண்டு கிளம்பினார்.

அட்டைகளைக் கொடுத்து, குடும்ப விவரம் கேட்டு எழுதி முடித்தேன். பாதிப்பேர் கலைந்துவிட்டார்கள். அந்தப் பெண்ணின் அம்மா மட்டும் வரவில்லை. வரமாட்டாள், அவளுக்குத் தேவை நிறுத்துவதற்கு ஒரு சாக்கு என்று நினைத்துக்கொண்டே பேனாவை மூடினேன். அப்போதுதான் வந்தாள். காட்டிலிருந்து நேரே வந்திருந்தாள். இடுப்பில் குழந்தை, தலையைச் சுற்றித் துண்டு. மகள் மொட்டைத் தலையோடு ஓடிப் போய்ப் பக்கத்தில் நின்றாள். அம்மா என் முன்னால் உட்கார்ந்து, வியர்வையைத் துடைக்கத் துண்டை அவிழ்த்தாள்.

அவளுக்கும் மொட்டை. போன வாரம் கொண்டையில் சீப்பைச் செருகிக்கொண்டு கடை வாசலில் நின்றவள்.

“பெத்தவங்களும் சேர்ந்துன்னு சொன்னாங்க” என்றாள் என் முகத்தைப் பார்த்து. “மத்தவங்க யாரும் போட்டுக்கல. அவங்க புள்ளைங்களுக்கு இன்னும் வருசம் கீது. இவளுக்கு இதான கடைசி. நானும் போட்டுக்கினா மார்க்கு கொஞ்சம் ஜாஸ்தி வரும்னுதான். இப்ப மலர் ஆயிட்டாளா டீச்சர்?”

 கடைக்காரர் தரையைப் பார்த்தார். பொங்கல் சமயத்தில் நான் பேசிய பேச்செல்லாம் எனக்கு ஞாபகம் வந்தது, வெட்கத்தில் காது சுட்டது. படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டேன்.

“வீட்டுக்காரர் என்ன வேலை?”

“காபித் தோட்டம். உங்களுக்குத் தெரியுமே.”

“போன் நம்பர்?”

“கடைக்காரண்ணன்துதான்.”

“குடும்பத்துல மாத்தம் ஏதாச்சும்...” என்று வழக்கமான கேள்வியைப் பாதி கேட்டுவிட்டு நிறுத்திக்கொண்டேன். அவள் தலையைத் தடவிக்கொண்டு, “இதான்” என்றாள்.

அதற்கு மேல் தள்ளிப்போட முடியவில்லை. அட்டையை எடுத்து நீட்டினேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. “இன்னா போட்டுக்குது?” என்று கேட்டாள்.

“மலர்” என்றேன். கூசாமல் சொன்னேன். நிம்மதியாகக் கூட இருந்தது.

அவள் அட்டையை மடியில் வைத்துக் கையால் நீவினாள். பக்கத்தில் நின்ற பெண் குனிந்து பார்த்தாள். விரலை வைத்தாள். அவளுக்கு எப்போதும் தகராறு செய்வது அந்தக் கொம்பும் காலும்தான். முன்னால் கொம்பு, பின்னால் கால், நடுவில் எழுத்து, அதைப் பார்த்தாலே என் முகத்தைத் தேடுவாள். அன்றைக்கு நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“மொ” என்றாள். கொஞ்சம் நிறுத்தினாள். “ட்... டு. மொட்டு. டீச்சர், மொட்டுன்னு இருக்குது.”

 அவள் அம்மா மகளைப் பார்த்தாள், அட்டையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

“இவ சொல்றது சரியா, நீங்க சொல்றது சரியா?”

“அவ சொல்றதுதாம்மா” என்றேன். “நான் பொய் சொன்னேன்.”

அட்டையை அவளிடமிருந்து வாங்கினேன்.  இப்போது தயக்கமே இல்லை, என் முன்னாலேயே தனியாகப் படித்துவிட்டாள், மலர் என்று மாற்றி எழுதலாம் என்று பேனாவைத் திறந்து அந்த வார்த்தையை அடிக்கப் போனேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். காட்டு வேலை செய்து காய்த்த கை, பிடி இறுக்கமாக இருந்தது.

“அடிக்காதிங்க டீச்சர். எம்பொண்ணு படிச்ச எழுத்து அது” என்றாள். “ஆறாவதுக்கு எங்க எழுதிக் குடுக்கணும், அத்த சொல்லுங்க.”