ஜெபத்துக்கு நடுவே ஒரு பாட்டில்

சித்தூரில் நர்சிங் இரண்டாம் வருஷம் படித்தபோது, சிறுநீர்க் குழாய்ப் பாடத்தில் எனக்குத்தான் முதல் மார்க். சிறுநீர் வடியும் பாட்டிலை நகர்த்துமுன் ரப்பர் குழாயில் கிளிப் போட்டு அடைக்க வேண்டும், கீழே வைத்ததும் மறக்காமல் திறக்க வேண்டும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். அந்தத் திமிரோடுதான் ஆண்கள் வார்டுக்குப் போனேன்.

அங்கே நகரியிலிருந்து வந்த வயதான நெசவாளி ஒருவர், எங்கள் சபைக்காரர். சிறுநீர் அடைத்துக்கொண்டதால் குழாய் போட்டிருந்தார்கள். கட்டிலுக்கடியில் கண்ணாடி பாட்டில். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் போதகரோடு சபையார் பத்துப் பேர் ஜெபிக்க வந்துவிட்டார்கள். அவர்களில், போன மாதம் என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போன வீட்டம்மாவும் இருந்தார். நர்ஸ் என்றால் மூத்திர பாட்டில் தூக்குவாள் என்று அவருக்குத் தெரியாமலா இருக்கும்? ஆனாலும் கண்ணால் பார்க்க வேண்டாமே என்று நினைத்தேன். கிளிப்பைப் போட்டு, பாட்டிலை அலமாரிக்குப் பின்னால் தள்ளி, போர்வையைத் தரை வரை இழுத்துவிட்டு, பரம சாதுவாய்க் கைகட்டி நின்றேன். கிளிப்பைத் திறக்கவில்லை.

சபையார் அன்போடு பெரியவரை இரண்டு இளநீர் குடிக்க வைத்தார்கள். பாட்டும் ஜெபமுமாக ஒரு மணி நேரம் ஓடியது. பெரியவர் நெளிந்தார். அப்புறம் அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. ஆவியானவர் தொட்டுவிட்டார் என்று போதகர் ஜெபத்தை இன்னும் நீட்டினார். பெண்கள் எதிரில் சொல்லக் கூசி, பெரியவர் என்னையே பார்த்தார். நானோ உருகிப்போய் ஆமென் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவர் அடிவயிற்றைப் பிடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அப்போதும் அந்த அம்மாவின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் முழங்காலிட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேலேயே கோபம் வருகிறது. நான் ஜெபிக்கிறேன் என்று எண்ணி இரண்டு பேர் கூடவே முழங்காலிட்டார்கள். பாட்டிலை இழுத்து வைத்துக் கிளிப்பைத் திறந்தேன். கண்ணாடியில் சிறுநீர் கொட்டிய சத்தத்தில் ஜெபம் நின்றுபோனது.

எல்லோரும் வராந்தாவுக்குப் போனதும் மன்னிப்புக் கேட்டேன். பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“வெக்கப்பட வேண்டியவன் நான்மா. நானே படுத்துக்கினு கெடக்கறேன். உனுக்கு இன்னா வெக்கம்?”

குழாயை வேறு பாட்டிலில் மாட்டினேன். நிறைந்த பாட்டிலை எடுத்தேன். கழுவுமிடத்துக்கு வராந்தா வழியாகத்தான் போக வேண்டும். அந்த அம்மா அங்கேயே நின்றிருந்தார். முந்தானையால் மூடாமல், இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு அவர் எதிரிலேயே நடந்தேன்.